தரையை விட்டு எழாத விமானம்

என் தம்பி குடிக்கமாட்டான். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். கல்யாண வீட்டில் யாராவது சோடாவை நீட்டினால்கூட மோந்து பார்த்துவிட்டு வாங்குகிற ஆள் ஈஸ்வரமூர்த்தி. அவன் செத்து இரண்டு வருஷமாக ஊரே அவனைக் குடிகாரன் என்கிறது. டீக்கடையில் சொல்கிறார்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்களே வாசலைத் தாண்டியதும் சொல்கிறார்கள்.

ஊர் தானாகச் சொல்லவில்லை. முதலில் சொன்னது அரண். அது சொன்னதற்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அரண் என்பது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு டப்பா. கொங்குநாட்டில் மில் வைத்திருப்பவன், கோழிப்பண்ணை வைத்திருப்பவன் எல்லோரும் ஆளுக்கொரு நாலு சீட்டு விமானம் வாங்கி, தாங்களே ஓட்டிக்கொண்டு திரிய ஆரம்பித்த காலத்தில் அது வந்தது. அடிக்கடி விழுந்தார்கள். அதனால் சின்ன விமானம் ஒவ்வொன்றிலும் அரண் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எஞ்சின், பெட்ரோல், காற்று, மேகம், ஓட்டுகிறவனின் நாடித்துடிப்பு எல்லாவற்றையும் அது பார்க்கும். சிவப்பு எரிந்தால் எஞ்சின் கிளம்பாது. பச்சை எரிந்தால் போகலாம். நடுவில் ஆபத்து என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் தானே எஞ்சினைக் கையில் எடுத்துக்கொள்ளும்.

முதலில் எனக்கும் சந்தோஷம்தான். நான் இந்தக் கருமலைப்புதூர் ஓடுதளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பவளக்கொடி டீச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும். மழையில் கிளம்புகிறேன் என்று நிற்கிற முதலாளிகளோடு மல்லுக்கட்டி எனக்குத் தொண்டை போயிருந்தது. இனி அந்தச் சண்டையை டப்பா போடட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் இன்னொரு விதி வந்தது. பச்சை எரிந்த பிறகும் கிளம்பாமல் நிற்கிற விமானிக்குத் தயக்கப் புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். மெஷின் சரி என்று சொன்ன பிறகு நீ யார் சந்தேகப்பட என்று அதற்கு அர்த்தம். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்து இறக்கையைத் தட்டி, ஆணியை ஆட்டி, ஓட்டைகளை விரலால் தடவிப் பார்ப்போமே, அந்த வழக்கத்தை வீண் தாமதம் என்று எடுத்தே விட்டார்கள். எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. நான் சுற்றினேன், டப்பா புள்ளி வைத்தது, என் லைசென்ஸ் போனது. இப்போது ஓடுதளத்து ரேடியோ அறையில் உட்கார்ந்து, "சரி, கிளம்புங்க" என்று சொல்வதுதான் என் வேலை.

என் தம்பி போனது ஓர் ஆயுத பூஜை அன்று. நான் அன்று சென்னையில் இருந்தேன். பூஜை முடிந்து வழக்கம்போல ஒரு ரவுண்டு போகிறேன் என்று மேற்கே பார்த்துக் கிளம்பியிருக்கிறான். ஓடுபாதை முடிகிற இடத்தை ஒட்டி இருக்கிற தென்னந்தோப்பில் எரிந்துபோய்க் கிடந்தான். அரணின் பதிவு சொன்னது: விமானம் தரையை விட்டு எழவே இல்லை. ஓடுபாதையில் வேகம் குறைந்தது, அரண் எஞ்சினை நிறுத்தியது, விமானி பிரேக் போடவில்லை, தோப்புக்குள் ஓட்டிக்கொண்டு போய் மோதினார்.

தோப்பில் மரம் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் விசாரணையில் வந்து சொன்னார். "என்ற தலைக்கு மேல போயி வுழுந்துச்சுங்க சாமி." டப்பா பொய் சொல்லாது என்று அவரை அனுப்பிவிட்டார்கள். பிரேக் போடத் தெரியாமல் ஒருத்தன் தோப்புக்குள் ஓட்டுவானா, போதையில் இருந்தால் ஓட்டுவான். இப்படித்தான் என் தம்பி குடிகாரன் ஆனான்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

ஓடுதளம் முழுக்க மாலை, பொரிகடலை, சாம்பிராணிப் புகை. விமானங்களைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கோழிப்பண்ணை தங்கமுத்து தன் மகள் ரம்யபாரதியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ரேடியோவில் கூப்பிட்டார். அவர் என்னிடம் படித்தவர்.

"டீச்சர், பச்சை எரிஞ்சிருச்சுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வந்தர்றனுங்க."

"ஒருக்காச் சுத்தி வந்து பாத்தீங்களா?"

"அட போங்க டீச்சர்! போன மாசமே ஒரு புள்ளி வாங்கிட்டன். இன்னமும் வாங்குனா பண்ணைக்கு டவுன் பஸ்ஸுலதான் போகோணும்."

பின்னால் அந்தப் பெண் சிரிப்பது கேட்டது. நானும், "சரி, கிளம்புங்க" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

கிழக்கே பார்த்து ஓடி எழுந்தார். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலை நெருங்கும்போது எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது.

"டீச்சர்! அரண் எஞ்சினை நிறுத்திருச்சுங்க! வேகம் சைபருங்குது! பிரேக்கப் போடு, பிரேக்கப் போடுங்குதுங்க டீச்சர்!"

"தங்கமுத்து, திரும்பாதீங்க! ஓடுபாதைக்குத் திரும்பாதீங்க!"

எஞ்சின் நின்ற விமானத்தைத் தாழ்ந்த உயரத்தில் திருப்பினால் அது இறக்கையைச் சாய்த்துக்கொண்டு கல்லாய் விழும். என்னிடம் படித்த ஒவ்வொருவரையும் சலிக்கச் சலிக்க இதை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். ஆனால் உயிர்ப் பயத்தில் எல்லோருக்கும் பின்னால் இருக்கிற ஓடுபாதைதான் வீடாகத் தெரியும்.

"மூக்கைக் கீழ விடுங்க. முன்னால என்ன இருக்கு?"

"வாய்க்கா... வாய்க்காலுக்கு அந்தாண்ட வெங்காயக் காடு."

"அங்கியே வைங்க. டப்பாவப் பாக்காதீங்க, காட்டப் பாருங்க. மூக்கக் கீழ விடுங்க!"

பதில் வரவில்லை. நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

வெங்காயக் காட்டில் சக்கரம் உடைந்து, ஓர் இறக்கை மடங்கி விமானம் கிடந்தது. தங்கமுத்து வரப்பில் உட்கார்ந்து, முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு டப்பாவைச் செய்தவன் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். ரம்யாவுக்கு உதடு கிழிந்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு அவள் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆகாசத்துல பிரேக்கப் போடச் சொல்லுது டீச்சர்! ஆகாசத்துல!" என்று அவர் கத்தினார்.

அவர் சொன்னது என் மண்டையில் ஏறிக்கொண்டே இருந்தது. டப்பா அவரைத் தரையில் இருப்பதாக நினைத்திருக்கிறது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, தடுக்கத்தான் யாரும் இல்லையே என்று, விமானத்தைச் சுற்றி வந்தேன். விரலால் தடவிக்கொண்டே வந்தேன். இடப்பக்கம், கதவுக்கு முன்னால் என் விரல் நின்றது.

அங்கே ரூபாய் நாணயம் அளவில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு உண்டு. அதன் நடுவில் ஊசி முனை அளவில் ஓட்டை. வெள்ளை உடம்பில் அந்த ஒரு வட்டம் மட்டும் பொட்டு வைக்க விட்ட இடம் மாதிரியே இருக்கும். யாரோ வைத்திருந்தார்கள். சந்தனத்தைக் கட்டை விரலால் நன்றாக அழுத்தி, அதன் மேல் குங்குமம். வெயிலில் காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தங்கமுத்துவை நினைத்து அல்ல.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவன் படம் மாலையோடு தொங்குகிறது. அந்த ஆயுத பூஜை அன்று, கிளம்புவதற்கு முன்னால் அவன் கடைசியாக எடுத்துக்கொண்ட படம். விமானத்தின் மேல் கையை ஊன்றி, பல் தெரியச் சிரிக்கிறான். இரண்டு வருஷமாக அவன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவன் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தேன். வட்டத் தகட்டின் மேல் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டு.

வைத்தவள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் சைக்கிளுக்கும் மாவு மெஷினுக்கும் விமானத்துக்கும் பொட்டு வைப்பது அவன் பெண்டாட்டி சாந்தாமணிதான். அவள் காபியோடு பின்னால் வந்து நின்றாள்.

"என்னங்க அண்ணி, படத்தையே பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல சாந்தா."

"ஒண்ணுமில்லாததுக்கா வெறுங்கால்ல வந்து நிக்கறீங்க? மூஞ்சியெல்லாம் பேயறைஞ்சாப்ல இருக்குது. சொல்லுங்க."

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தம்பி குடிகாரன் இல்லை என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டுமானால், அவன் சாவுக்கு இவள் கட்டை விரலைக் காட்ட வேண்டும். டப்பாவைச் செய்த கம்பெனிக்காரனுக்கு லட்டு மாதிரி. 'எங்கள் டப்பா மேல் தப்பில்லை, பெண்டாட்டி சந்தனத்தைப் பூசிக் கொன்றாள்' என்று நாளைக்கே பேட்டி கொடுப்பான். செத்தவனுக்கு நல்ல பேர் வாங்க, இருக்கிறவளைக் கொல்வதா? அந்த நிமிஷம் யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அவள் விடவில்லை. தங்கமுத்து விழுந்த சேதி அதற்குள் அங்கேயும் வந்திருந்தது. என்னை உலுக்கினாள். கடைசியில் அந்தத் தகட்டைக் காட்டினேன்.

"இந்த ஓட்டை வழியாத்தான் வெளிக்காத்தோட அழுத்தம் உள்ள போகும் சாந்தா. மேல போகப் போக அழுத்தம் குறையும். குறையறதை வச்சுத்தான் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம்னு டப்பா கணக்குப் போடுது. ஓட்டை அடைச்சுருந்தா உள்ள தரைக் காத்தேதான் இருக்கும். தரையில நிக்கறப்ப எல்லாம் சரியா இருக்கும், பச்சை எரியும். மேல போனா உயரம் சைபருங்கும், வேகமும் குறைஞ்சுக்கிட்டே வந்து சைபராயிரும். வண்டி இன்னும் ஓடுபாதையிலதான் நிக்குதுன்னு நினைச்சு டப்பா எஞ்சினை நிறுத்திரும். கிழக்க காடு இருந்துச்சு, தங்கமுத்து பொழைச்சாரு. மேக்க..."

"தோப்பு" என்றாள்.

தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள், சுவரில் முட்டிக்கொள்வாள் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அவரு தோப்புக்குள்ள ஓட்டிட்டுப் போகலைங்களா? பறந்தாருங்களா?"

"பறந்தான் சாந்தா."

"தங்கமுத்து வுழுந்ததுக்கு விசாரணை எப்பங்க?"

"வேண்டாம். உன் மேல வந்து விழும்."

"வுழட்டுமுங்க! ரெண்டு வருசமா எம் புள்ளைய ஸ்கூல்ல குடிகாரன் மவங்கறாங்க. என்ற மேல வுழறதுக்கு இனி என்ன மிச்சம் இருக்குது?"

விசாரணை ஓடுதளத்திலேயே நடந்தது. டில்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், தமிழ்க்காரர்தான். டப்பா கம்பெனியின் சார்பில் நிரஞ்சன் என்ற இளைஞர், புது மாடல் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து ஷெட் முன்னால் நிறுத்தியிருந்தார். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பதிவு தெளிவா இருக்கு சார்" என்றார். "விமானம் டேக் ஆஃப் ஆகவே இல்லை. அரண் சரியான நேரத்துல எஞ்சினை நிறுத்தியிருக்கு. மிஸ்டர் தங்கமுத்து பிரேக் போடாம வெங்காய வயலுக்குள்ள ஓட்டியிருக்கார்."

"நடுவுல வாய்க்கால் இருக்குதே, அதை என்ன நீந்தியா கடந்தாரு?" என்றேன்.

"வேகத்துல எகிறித் தாண்டியிருக்கலாம் மேடம்."

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த தங்கமுத்து, "ஏன் கண்ணு, எங்கண்ணன் ஆறுமுகத்தோட எருமைகூட அதைத் தாண்டாதே!" என்றார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாட்டிலைட் கணக்கு என்ன சொல்கிறது என்று கேட்டார். பக்கத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் சிக்னலில் குழப்பம் வரும், இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் அரண் காற்றழுத்தத்தைத்தான் நம்பும் என்றார் நிரஞ்சன்.

நான் சந்தனப் பொட்டைப் பற்றிச் சொன்னேன். நிரஞ்சன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"அந்தப் பொட்டை விமானம் மோதினதுக்கு அப்புறம்கூட யாராவது வெச்சிருக்கலாம். அடைப்பு இருந்தா அரண் கண்டுபிடிச்சுச் சிவப்பு காட்டியிருக்கும் சார். அதைச் சுத்திப் பார்க்க மனுஷங்க தேவையில்லைன்னுதானே நாங்க சொல்றோம்."

சாந்தாமணி அதுவரை பின்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து முன்னால் வந்தாள். கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

"தம்பி, இது உங்க வண்டிதானுங்களே?"

"கம்பெனியோடதும்மா."

"ஒரு பொட்டு வெச்சுக்கறனுங்க."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வைக்கட்டும் என்று கைகாட்டினார். சாந்தா தகட்டின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். பழகிய கை, ஒரே அழுத்துதான். அதன் மேல் குங்குமம் வைத்தாள். உச்சி வெயிலில் அது காய்கிற வரைக்கும் காத்திருந்தோம்.

"இப்ப சுவிட்சைப் போடுங்க தம்பி" என்றாள்.

நிரஞ்சன் கையை நீட்டிப் போட்டார். அரண் முனகியது, யோசித்தது, பச்சை எரிந்தது. "அனைத்தும் பாதுகாப்பாக உள்ளன. புறப்படலாம்" என்று அதன் பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

"ஏறுங்க" என்றேன் நான்.

நிரஞ்சன் ஏறவில்லை.

"ஏனப்பா? உங்க டப்பாதான் போகலாம்ங்குதே?" என்றார் அதிகாரி.

"சார், இது முறையான சோதனை இல்லை... இப்படித் திடீர்னு..."

"தங்கமுத்துவுக்கு மட்டும் சொல்லிட்டா வெச்சாங்க?" என்று கத்திவிட்டேன். "என் தம்பிக்கு? ஏறுங்க! கிழக்க வெங்காயக் காடு இருக்கு, மேக்க தோப்பு இருக்கு. எந்தப் பக்கம் வேணும்னு நீங்களே சொல்லுங்க!"

அவர் முகத்தில் வேர்வை வழிந்தது. டப்பா இன்னொரு தடவை சொன்னது. "புறப்படலாம். புறப்படாவிட்டால் தயக்கப் புள்ளி பதிவாகும்." அவர் அசையவில்லை. "வேண்டாம் சார்" என்றார். சின்னக் குரலில்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"தயக்கப் புள்ளி பதிவாகிவிட்டது. நன்றி" என்றது அரண்.

தங்கமுத்து மட்டும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'வேண்டாம்' என்கிற இந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்காகத்தானே என் லைசென்ஸைப் பிடுங்கினார்கள், இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல விடாமல்தானே என் தம்பியைக் கொன்றார்கள் என்று மனசு கொதித்தது.

அதிகாரி சாந்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"யோசிச்சுச் சொல்லும்மா. உன் புருஷன் கேஸையும் சேர்த்து எழுதினா, பொட்டு வெச்சது நீன்னு வரும். ஊரு உன்னைத்தான் பேசும்."

"பேசட்டுமுங்க. வெச்சது நாந்தானுங்க. அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் வெச்சேன்." அவள் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஆனா அவரு அதுக்கு முந்தியெல்லாம் வண்டியச் சுத்தி வந்து ஒவ்வொண்ணாத் தடவிப் பாப்பாருங்க. நான் வெச்ச பொட்டையே எத்தனையோ தடவை துணியில தொடச்சுப்போட்டு, ஏன்டி இங்க வெக்கறேன்னு வைவாரு. என்ன எதுக்குன்னு நாங் கேட்டுக்கிட்டதே இல்லை. அந்த வருசம்தான் பாக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. அதையும் எழுதுங்க. பாக்க வேண்டாம்னு சொன்னது யாருன்னும் எழுதுங்க."

எனக்கு இது புதிது. துடைத்திருக்கிறானா அவன்! என்னிடம் கற்றுக்கொண்ட வழக்கம் அது.

அந்தப் பக்கம் நிரஞ்சன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததும் விமானத்தைச் சுற்றி வந்தார். ஒவ்வோர் ஓட்டையாக விரலால் தடவினார், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், நிமிர்ந்து இறக்கையைத் தட்டினார். இரண்டாவது சுற்றும் வந்தார். அப்புறமும் மனசு ஆறாமல் கோயம்புத்தூருக்கு டாக்சி பிடித்துப் போனார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"மொதல்ல எதை எழுதட்டும்மா?"

"அவரு பறந்தாருன்னு எழுதுங்க. மத்ததைப் பொறவு எழுதிக்கலாம்" என்றாள் சாந்தாமணி.

அவர் எழுதினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, சாந்தாவுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தேன். ஈஸ்வரமூர்த்தி ஓட்டிய விமானம் தரையை விட்டு எழுந்தது.